'ஃப்ரீ'க்கு எட்டுப் பொருள். அவற்றைப் பிரித்துக் காட்டும் சிறுசொல்லுக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

அகராதியியல் கலைச்சொற் பட்டியலில் ஓர் இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. பல பொருள் உள்ள தலைச்சொல்லை, அதாவது விளக்கம் பெறும் சொல்லை, அகராதியில் பதியும்போது, ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால் தடித்த எழுத்திலோ வண்ணத்திலோ ஒரு சிறுசொல்லை அச்சிடுகிறார்களே, அதற்குத் தமிழ்ப்பெயர் வேண்டும். ஆங்கிலம் கற்போருக்கான அகராதிகளில் 1995இல் இரண்டு பதிப்பகங்கள் இந்த முறையைக் கொண்டுவந்தன. கேம்பிரிட்ஜ் இதை 'கைடு வேர்ட்' என்றது. லாங்மன் தன் 3ஆம் பதிப்பில் 'சைன்போஸ்ட்' என்றது. பெயர்தான் வேறு, வேலை ஒன்றே. பத்துப் பொருளையும் வரிவரியாகப் படிக்காமல் தனக்கு வேண்டிய பொருளிடம் வாசகர் நேரே போய்ச் சேர வேண்டும்.

வரைவில் இப்போதைக்கு 'பொருட்குறி' என்று போட்டிருக்கிறேன். எந்தப் பெயரானாலும் ஓர் உண்மையான பதிவில் வைத்துப் பார்த்த பிறகே முடிவு செய்வோம். துருக்கியர் ஆங்கிலம் கற்கும்போது தடுக்கி விழும் பெயரடைகளில் ஒன்று 'ஃப்ரீ'. அதையே எடுத்துக்கொள்ளலாம். துருக்கியும் நம்மைப் போல ஒட்டுநிலை மொழி, சொல்லின் பின்னால் ஒட்டுகளை அடுக்குவது; அங்கேயும் பெயரடை உருமாறாமல் பெயருக்கு முன்னால் நிற்கும். அங்கே இந்தச் சொல் எப்படி உடைகிறது என்பதை அந்த மொழி அறிந்தவர்கள் எழுதினால் பெரிய உதவி.

மடல் 2

வணக்கம் ஐயா. கேட்டபடி எழுதுகிறேன். துருக்கிச் சொற்களில் கடைசியில் வரும் 'ஸ்' அதிர்ந்து ஒலிப்பது, ஆங்கில 'ஸீரோ'வின் முதல் ஒலி போல. மற்றபடி ஒலிப்பு ஏறத்தாழத்தான்.

காசு கேட்காதது என்ற பொருளுக்கு மட்டும் மூன்று சொற்கள். 'உஜ்ரெத்சிஸ்' என்பது கட்டணமில்லாதது. அறிவிப்புப் பலகையிலும் செயலிகளிலும் இதுதான் வரும். 'பெதாவா' பேச்சுவழக்கு, நம் 'ஓசி'யும் 'சும்மா'வும் மாதிரி. மூன்றாவதான 'பராசிஸ்' பணத்தைக் குறிக்கும் 'பரா'விலிருந்து வருவது. ஆனால் ஓர் ஆளை 'பராசிஸ்' என்றால் கையில் காசில்லாதவர் என்று பொருள். அதனால் அகராதியில் 'ஃப்ரீ'க்கு எதிரே இதைத் தனியாக வைக்கக் கூடாது.

விடுதலை என்ற பொருளுக்கு 'ஒஸ்கூர்'. பழைய அரபுச் சொல்லான 'ஹுர்' இருந்த இடத்துக்கு மொழிச் சீர்திருத்தக் காலத்தில் வந்த ஆக்கம் இது. அந்தச் சீர்திருத்தத்தை நடத்திய துருக்கி மொழிக் கழகம் நிறுவப்பட்டது 1932இல். ஃப்ரீ சாஃப்ட்வேர் அங்கே 'ஒஸ்கூர் யாஸிலிம்'. நாம் 'கட்டற்ற மென்பொருள்' என்றது போலவே அவர்களும் காசுப் பொருளை முற்றாக ஒதுக்கிவிட்டார்கள். இரண்டு விக்கிப்பீடியாக்களின் முகப்பு வரியையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: இங்கே 'கட்டற்ற கலைக்களஞ்சியம்', அங்கே 'ஒஸ்கூர் அன்சிக்ளொபெதி'. ஆங்கிலத்தில் இது விலையைச் சொல்வதல்ல, உரிமையைச் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டியிருக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் அந்த வேலையே இல்லை.

தடையில்லாதது, அனுமதிக்கப்பட்டது என்றால் பாரசீகத்திலிருந்து வந்த 'செர்பெஸ்த்'. கால்பந்தின் ஃப்ரீ கிக், தடையற்ற வணிக வலயம், கணிதத்தின் ஃப்ரீ வேரியபிள், ஒருவரை விடுவிப்பது எல்லாம் இதற்குள் அடங்கும். முதல் பெரிய பிழையும் இங்கேதான். 'கிரிஷ் செர்பெஸ்த்' என்றால் உள்ளே வரத் தடையில்லை என்று பொருள். துருக்கி மாணவர் இதை ஆங்கிலத்தில் 'என்ட்ரன்ஸ் இஸ் ஃப்ரீ' என்று எழுதினால், படிப்பவர் நுழைவுச்சீட்டு வாங்க வேண்டாம் என்றுதான் எடுத்துக்கொள்வார். இலக்கணத்தில் பிழையே இல்லை, அதனால் ஆசிரியர் கண்ணுக்கும் எளிதில் தப்பிவிடும்.

ஆள் இல்லாதது, வேலை இல்லாதது என்றால் 'போஷ்'. காலி நாற்காலி, கணினி வட்டில் மீதியுள்ள இடம், ஓய்வு நேரம் மூன்றுக்கும் இதுவே. ஆனால் வெறும் டம்ளருக்கும் வெட்டிப் பேச்சுக்கும்கூட 'போஷ்'தான். அதனால் பிழை திரும்பிய திசையில் நடக்கிறது. நாளைக்கு எனக்கு வேலை இல்லை என்று சொல்ல நினைத்து 'ஐ ஆம் எம்ப்டி டுமாரோ' என்று வந்துவிடுகிறது. ஒருவரிடம் மரியாதையாக நேரம் கேட்க 'முசாயித்' என்று தனிச்சொல் உண்டு. அதே கேள்வியை 'ஒஸ்கூர்' போட்டுக் கேட்டால், நீங்கள் விடுதலை பெற்றவரா என்று கேட்டது போலாகும். அது ஆட்பெயராகவும் வழங்குவதால், உங்கள் பெயர் ஒஸ்கூரா என்று கேட்டதாகவும் படும்.

விதியிலிருந்தோ வரியிலிருந்தோ விலக்குப் பெற்றது 'முஆஃப்'. இது நீங்கல் வேற்றுமையோடு வரும்: 'வெர்கிதென் முஆஃப்', வரியிலிருந்து விலக்குப் பெற்றது. நம் 'இருந்து' போலத்தான்.

கடைசியாக, ஒட்டு. ஷுகர்-ஃப்ரீ என்பதற்கு 'ஷெகெர்சிஸ்', ஈயம் கலவாத பெட்ரோலுக்கு 'குர்ஷுன்சுஸ்'. இந்த ஒட்டுக்கு உயிரிசைவுப்படி, அதாவது முன்னுள்ள உயிருக்கு ஏற்ப ஒட்டின் உயிர் மாறுவதால், நான்கு வடிவங்கள் உண்டு. தமிழ் எழுத்தில் சிஸ், சுஸ் என்று இரண்டாகத்தான் காட்ட முடிகிறது. நம் 'அற்ற', 'இல்லா' இரண்டின் வேலையையும் செய்வது இதுவே. இங்கே நடக்கும் பிழை ஆபத்தானது. 'ஃப்ரீ' என்றால் 'செர்பெஸ்த்' என்று மட்டும் மனப்பாடம் செய்தவர் 'ஸ்மோக்-ஃப்ரீ' பலகையைப் பார்த்தால், இங்கே புகைக்கலாம் என்று நேர் எதிராகப் புரிந்துகொள்வார். 'உஜ்ரெத்சிஸ்' என்று மட்டும் தெரிந்தவருக்கு 'ஷுகர்-ஃப்ரீ' என்பது சர்க்கரை இலவசம். சொல்லிக்கொடுக்க வேண்டிய விதி சிறியது: பெயர் முன்னால் வந்து 'ஃப்ரீ' பின்னால் ஒட்டினால், அந்தப் பெயர் இல்லை என்று பொருள். வரிசை மாறினால் பொருளே மாறும். உலக நலவாழ்வு நிறுவனம் 2015இல் வெளியிட்ட சர்க்கரை வழிகாட்டுதலில் வரும் 'ஃப்ரீ ஷுகர்ஸ்' என்பது உணவில் சேர்க்கும் சர்க்கரையையும், தேனிலும் பழச்சாற்றிலும் இருப்பதையும் குறிக்கிறது. ஒரு நாளில் உணவால் பெறும் மொத்த ஆற்றலில் அது 10 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பரிந்துரை. ஒரே இரண்டு சொற்கள்தாம்; ஒரு வரிசையில் சர்க்கரை இல்லை, மறு வரிசையில் குறைக்க வேண்டிய சர்க்கரை.

மடல் 3

அருமையான விளக்கம் அம்மா. இதை வைத்துப் பார்த்தால் 'பொருட்குறி' நிற்காது என்று தோன்றுகிறது. பொருளைப் பிரித்துக் காட்டப்போகிற சொல்லிலேயே 'பொருள்' இருக்கிறது. அதற்கே கருத்து, சரக்கு, செல்வம் என்று பல பொருள். 'பொருட்குறி' என்று தனியே கேட்பவர் கடைச் சரக்கில் ஒட்டும் சீட்டு என்று நினைக்க இடமுண்டு. 'குறி'யோ குறியீடு, இலக்கு, சோதிடம் என்று எங்கெங்கோ போகிறது.

'வழிகாட்டிச்சொல்' என்று யாராவது சொல்வதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அகராதியின் ஒவ்வொரு பக்க உச்சியிலும் அந்தப் பக்கத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் அச்சிடுவார்கள். ஆங்கிலத்தில் அதற்கும் பெயர் 'கைடு வேர்ட்'தான். அங்கே ஏற்கெனவே உள்ள குழப்பத்தை நாம் ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்? பக்க உச்சியில் வருவதை 'பக்கமேற்சொல்' என்று தனியே வைத்துக்கொள்வோம். 'பொருட்சுட்டி'யும் வேண்டாம். மவுஸ், இணைய இணைப்பு என்று 'சுட்டி' இப்போதே பல வேலை பார்க்கிறது.

லாங்மன் வைத்த பெயருக்கு நேரான தமிழ்ச்சொல் புதிதாக ஆக்கத் தேவையில்லாமல் கைவசம் இருக்கிறது: கைகாட்டி. சாலை பிரியும் இடத்தில் இந்தப் பக்கம் இந்த ஊர், அந்தப் பக்கம் அந்த ஊர் என்று நிற்கும் மரம். தமிழ்நாட்டில் கைகாட்டி என்றே பெயர் பெற்ற பேருந்து நிறுத்தங்கள் உண்டு. நாள்காட்டி, திசைகாட்டி வரிசையில் இயல்பாகப் பொருந்துகிறது. 'கைகாட்டிச்சொல்' என்று முன்மொழிகிறேன்.

மடல் 4

கைகாட்டி எனக்கு உடன்பாடு. 'சொல்' என்ற பின்பகுதிதான் வேண்டாம் என்கிறேன். காரணம் அந்தத் துருக்கிப் பதிவிலேயே இருக்கிறது.

கைகாட்டியாக மூன்று வகை உள்ளீடு வரலாம். ஒன்று, இணைச்சொல்: 'ஃப்ரீ'க்கு முன் 'உஜ்ரெத்சிஸ்' என்று போடுவது. இரண்டு, துறை: கணிதம், வரி, மென்பொருள். மூன்று, அந்தப் பொருளில் வழக்கமாகச் சேர்ந்து வரும் சொல்: நாற்காலி, நேரம், வட்டு. பெயரடைக்கு மூன்றாம் வகையே முதலில் வர வேண்டும். பெயரடையின் பொருளைத் தீர்மானிப்பது அது தழுவும் பெயர்தான். இணைச்சொல்லை மட்டும் போட்டால் அதன் பல்பொருளும் கூடவே வந்துவிடும் என்பதை 'போஷ்' காட்டிவிட்டது. 'போஷ்' என்று மட்டும் எழுதினால் நாற்காலியா, டம்ளரா, வெட்டிப் பேச்சா? 'போஷ் கோல்துக்' என்று எழுதினால் காலி இருக்கை, ஐயமில்லை. 'பராசிஸ்' கதையும் அதுதான். ஆகவே இரண்டு சொல் கொண்ட கைகாட்டிகள் வரத்தான் செய்யும். 'கைகாட்டிச்சொல்' என்று பெயர் வைத்தால் பதிப்பாசிரியர் ஒரே சொல்லில் அடக்கப் பார்ப்பார், இரண்டாவதை வெட்டிவிடுவார்.

எந்த மொழியில் எழுதுவது என்பதும் முக்கியம். ஆங்கிலம்–ஆங்கிலம் அகராதியில் ஆங்கிலத்தில்தான் எழுத முடியும். அப்போது அது தலைச்சொல்லை விட எளிய சொல்லாக இருந்தாக வேண்டும். இருமொழி அகராதியில் கற்பவரின் தாய்மொழியில் எழுத வேண்டும். துருக்கி மாணவர் தேடுவது 'முசாயித்' என்ற பொருளை. அவர் கண் அந்தச் சொல்லைத்தான் பக்கத்தில் தேடும்.

வரிசையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மூலப்பொருள் முதலில் என்று வரலாற்று வரிசையில் அடுக்கினால் 'ஒஸ்கூர்' தலையில் நிற்கும், தொடக்கநிலை மாணவர் அதை மட்டும் படித்துவிட்டுப் போய்விடுவார். அடிக்கடி எதிர்ப்படும் பொருளை மேலே வையுங்கள்: காசில்லாதது, பிறகு ஆளில்லாதது. ஒட்டாக வரும் 'ஃப்ரீ'யை இந்தப் பதிவுக்குள் 8ஆம் பொருளாகப் புதைக்காமல் தனித் தலைச்சொல்லாகவே கொடுக்க வேண்டும். ஸ்மோக்-ஃப்ரீ பிழை 8ஆம் பொருள்வரை படிக்காதவர் செய்கிற பிழை.

மடல் 5

ஒரு சிறு தடை. கைகாட்டி என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ரயில்வே கைகாட்டி. அது வழியைப் பிரித்துக் காட்டுவதில்லை. நில், போ என்கிறது. இது இடறாதா?

இன்னொன்று, தமிழ்ப் பதிவைப் பற்றியது. 'சும்மா' நம்மிடம் 'பெதாவா', 'முசாயித்' இரண்டின் இடத்தையும் பிடிக்கிறது: சும்மா கொடுத்தார், சும்மாதான் இருக்கிறேன். ஆங்கிலம்–தமிழ்ப் பதிவில் இதைத் தனியாகக் கைகாட்டியாக வைத்தால் 'போஷ்' சந்தித்த அதே சிக்கல் நமக்கும் வரும்.

மடல் 6

ரயில் கைகாட்டியால் இடறாது என்று நினைக்கிறேன். அகராதிப் பக்கத்தில் ரயிலுக்கு வேலை இல்லை, சூழலே காப்பாற்றிவிடும். 'பொருட்குறி'யின் நிலை வேறு. அங்கே அகராதிக்கு உள்ளேயே 'பொருள்' மோதியது. 'சும்மா' பற்றிச் சொன்னது முழுக்கச் சரி. அதை விளக்கத்தில் வைத்துக்கொள்ளலாம், கைகாட்டியில் வேண்டாம்.

பட்டியலில் இப்படி மாற்றியிருக்கிறேன்:

கைகாட்டி: பல பொருள் கொண்ட தலைச்சொல்லின் ஒவ்வொரு பொருளுக்கும் முன்னால், அதைப் பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்ட இடும் சொல் அல்லது சிறுதொடர். பன்மை: கைகாட்டிகள். வினை: கைகாட்டி இடுதல். பக்க உச்சியில் வரும் 'பக்கமேற்சொல்' வேறு.

எடுத்துக்காட்டாக, தமிழருக்கான 'ஃப்ரீ' பதிவில் கைகாட்டிகள் இந்த வரிசையில்: இலவச அனுமதி, காலி இருக்கை, ஓய்வு நேரம், தடையற்ற வணிகம், கட்டற்ற மென்பொருள், விடுதலை பெற்ற நாடு, வரி விலக்கு. ஒட்டாக வருவது தனித் தலைச்சொல். அதற்குக் கைகாட்டி 'சர்க்கரை இல்லா'.

'ஓய்வு நேரம்' என்பதற்குப் பதிலாகத் தென்மாவட்ட வழக்கான 'ஒழிவு' போடலாமா என்பது மட்டும் இன்னும் முடிவாகவில்லை. 'ஒழிவா இருக்கீங்களா' என்பது 'முசாயித்' கேள்விக்கு மிக நெருக்கமாக வருகிறது, 'ஓய்வா' என்றால் பணி ஓய்வும் குறுக்கே வரும். வட மாவட்டங்களிலும் ஈழத்திலும் 'ஒழிவு' இந்தப் பொருளில் புரியுமா என்று அங்குள்ளவர்கள் எழுதுங்கள். அதைப் பார்த்து அந்த வரியை முடித்துவிடுகிறேன்.