தாகத்தோடு இருந்தபோது கிருபை உங்களைச் சந்தித்ததுண்டா?

பாளையங்கோட்டை வாசகர்:
அறுவைச் சிகிச்சைக்குப் பின் அம்மாவுக்கு ஒரு சொட்டுத் தண்ணீரும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். இரண்டாம் நாள் இரவு நனைத்த பஞ்சால் உதட்டைத் துடைத்தபோது, அம்மா அதைப் பல்லால் கடித்துக்கொண்டு விடவேயில்லை. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனையில் சிறுவயதில் கேட்ட, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாம் வார்த்தை, ‘தாகமாயிருக்கிறேன்’, ஒன்பது ஆண்டுகளாக ஆலயப் படி ஏறாத என் காதருகே யாரோ சொன்னதுபோல் அந்த நொடியில் ஒலித்தது. ஜெபிக்க வார்த்தை வராமல் அழுதேன். நான் தேடவேயில்லையே, எனக்கு ஏன் இது கிடைத்தது என்ற கேள்வி இன்னும் விடவில்லை.

நாகர்கோவில் வாசகர்:
தேடாமல் கிடைத்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 42ஆம் சங்கீதத்தில் மான் நீரோடையை வாஞ்சித்துக் கதறுகிறதே. நான் 21 நாள் உபவாசம் இருந்து, கடைசி நாள் விடியற்காலையில்தான் சமாதானம் பெற்றேன்.

திருச்சி வாசகி:
நீங்கள் கிருபை என்பதைக் கத்தோலிக்கராகிய நாங்கள் அருள் என்போம். சமாரியப் பெண் நண்பகலில் குடத்தோடு வந்தது தண்ணீருக்காகத்தான். இயேசுவே முதலில் அவளிடம் தண்ணீர் கேட்டார். விசுவசிக்க வேண்டும் என்ற விருப்பமே அருளின் கொடை என்றுதான் 529இல் பிரான்சின் ஒராஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கமும் தீர்மானித்தது. கணவர் இறந்தபின் இரண்டு ஆண்டுகள் பூசையில் என் வாய் மட்டுமே பாடியது. ஒரு ஞாயிறு பாதியில் வெளியேற எழுந்தேன். ஒருவருக்கொருவர் சமாதான வாழ்த்துச் சொல்லும் நேரத்தில் திரும்பிய முன்வரிசைச் சிறுமி, கைகூப்பாமல் என் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உட்கார்ந்துவிட்டேன்.

மதுரை வாசகர்:
யாரும் கேட்கவில்லை என்றாலும், ஆன்மீக வறட்சியில் இருப்பவர்களுக்காக இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. உணர்ச்சியை வைத்துக் கிருபையை அளக்காதீர்கள். 1946 செப்டம்பர் 10 அன்று டார்ஜிலிங் செல்லும் ரயிலில் இறைவனின் அழைப்பைக் கேட்ட அன்னை தெரசா, அதன்பின் பல பத்தாண்டுகள் உள்ளத்தில் இருளையே கண்டார் என்பது, 2007இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளிவந்தபோதுதான் உலகம் முழுவதற்கும் தெரிந்தது. அந்த இருளிலும் அவர் விடியற்கால ஜெபத்தை விடவில்லை. ஆகவே ஜெபம் வராத நாளிலும் அதே நேரத்துக்கு, அதே இடத்தில் போய் உட்காருங்கள். வேதத்தில் ஒரு வசனத்தையாவது வாய்விட்டு வாசியுங்கள். என் அனுபவம் சிறியது. கொல்கத்தாவில் அவருடைய சபையின் சிற்றாலயத்தில், சிலுவையின் அருகே அந்த ஐந்தாம் வார்த்தை எழுதப்பட்டிருக்கும் சுவருக்கு எதிரே, சாலையின் இரைச்சலைக் கேட்டபடி தரையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை, எழுந்துபோகவும் மனம் வரவில்லை.