காங்கேயம் மாடு செவலைக் கன்னு போட்டிருக்குது, ஏமாந்துட்டனா?

வெள்ளகோயில் பையன்:
வணக்கமுங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனில பத்து வருசம் ஓட்டிட்டு போன வருசந்தான் தோட்டத்துக்கே வந்து சேந்தன், அப்பாரு காலத்துல கட்டுத்தரை நெறைய மாடு நின்னுச்சாமா, எனக்கு ஒண்ணுந் தெரியாது. வைகாசில ஒரு சினை மாடு, சாம்பல் வெள்ளையா இருக்கற மயிலை, ரெண்டாவது ஈத்து, காங்கேயம்னு சொல்லி 62 ஆயிரத்துக்கு வாங்கியாந்தன். ஆடி பொறந்து மூணாம் நாள் கன்னு போட்டுச்சு, கெடாரி, பொட்டக்கன்னு. பாத்தா செங்கல் மாதிரி நல்ல செவலை! பக்கத்துத் தோட்டத்து மாமா வேலிக்கு அக்கட்டால நின்னுட்டு "மாப்ள ஜெர்சிக் கன்னுக்கு காங்கேயம் வெல குடுத்துட்டு வந்திருக்கறான்"னு சிரிக்கறாரு, டீக்கடை வரைக்கும் பரவிருச்சு. இதுல இன்னொண்ணு, 12 நாளாச்சு, நான் மடில கை வெச்சாலே ஒதைக்குது, ஒதைக்காம நின்னாலும் பால அடக்கிக்குது. செம்புல அடி நனைஞ்சா பெருசு. யாராச்சும் சொல்லுங்க.

கொறங்காட்டுக்காரன்:
ஏனுங் தம்பி, அந்த மாமா மாடு வெச்சிருக்கறாரா இல்ல வேலிக்கு அக்கட்டால நிக்கறதோட சரியா? காங்கேயம் கன்னு பொறக்கறப்ப செவப்பாத்தான் பொறக்கும். ஆறு மாசம் வாக்குலதான் மயிலைக்கு மாறும். காளைக்கன்னா இருந்தா அப்பறம் திமிலு, கழுத்து, பின்னந்தொடைப் பக்கம் கறுத்துட்டு வரும், காயடிச்சா திரும்பவும் வெளுத்துரும். பெரிசானப்பறமும் செவலையா நிக்கற காங்கேயமும் உண்டு, மயிலை காரி பிள்ளை செவலைனு அதுலயே பல நெறம் இருக்குதுங். அதனால கலரப் பாத்து தூக்கத்தக் கெடுத்துக்காதீங்.

பால் கதை வேற. காங்கேயம் ஏருக்கும் வண்டிக்கும்னு வளத்த சாதி, நாளுக்கு ரெண்டு மூணு லிட்டரு கறந்தாலே நல்ல மாடு. சொசைட்டிக்கு கேன்ல ஊத்தற நெனப்புல வாங்கியிருந்தீங்கன்னா அது உங்க தப்பு, மாட்டோட தப்பில்ல.

தாராபுரத்து அம்மிணி:
கன்ன விடாம கறக்கறீங்களா சாமி? அது நடக்காது. மொதல்ல கன்ன அவுத்து விட்டு ஊட்ட விடுங்க, அது மடிய முட்டி முட்டி ஊட்டும், காம்பு வெறைச்சு கன்னு வாயோரத்துல நொரை தட்டும், அப்பத்தான் பால் எறங்கிருச்சுன்னு அர்த்தம். அப்பறம் கன்னப் புடிச்சு மாட்டோட மொகத்துக்கு முன்னால கட்டுங்க, அது பாட்டுக்கு கன்ன நக்கிட்டு நிக்கும், நீங்க ரெண்டு காம்பு கறந்துட்டு ரெண்டு காம்ப கன்னுக்கு விட்டுருங்க. தலை மாசத்துல பேராசப்பட்டா கன்னு வயிறு ஒட்டிப் போயிரும். பத்து பதினஞ்சு நாள்ல பூச்சி மருந்து குடுக்கணும், மாட்டு டாக்டர்கிட்ட அளவு கேட்டுக்கங்க, மறந்துராதீங்க.

இன்னொண்ணு கேக்கறன், வித்த வீட்டுல யாரு கறந்தாங்க? பொம்பளைங்க கறந்த மாடு ஆம்பளை கை பட்டா சமயத்துல ஒதைக்கும். எங்கூட்டு மாடு ஒண்ணு நான் ஊருக்குப் போனா எங்கூட்டுக்காரர கிட்டயே சேக்காது, கடைசில மனுசன் என்ற பழைய சேலைய மேல சுத்திட்டு ஒக்காந்தாரு. கறந்துச்சு. இத யாருகிட்டயும் சொல்லாதீங்கன்னாரு, நான் இங்க எழுதறன் பாருங்க.

மூலனூர்:
கொறங்காட்டு அண்ணா கலரப் பத்தி சொன்னது சரி ஆனா முழுசா இல்லீங். மாடு சுத்தக் காங்கேயமாவே இருக்கலாம், வயித்துல இருந்தது? ஊசி போட்ட சினையா பொலிகாளை சேந்த சினையான்னு கேக்காமயா வாங்குனீங்க. நான் அப்புடித்தான் மாட்டுனன், எங்க கன்னு ஒரு வருசங் கழிச்சும் அதே செவப்பு, திமிலும் வரல, ஜெர்சி ஊசி போட்டிருந்தாங்கன்னு அப்பறந்தான் தெரிஞ்சுது. போன் நம்பர் இருந்தா இன்னைக்கே கேளுங்.

வெள்ளகோயில் பையன்:
கேட்டுட்டனுங்க. அவிங்க பட்டில நிக்கற மயிலைக் காளைதானாமா, ஊசியே போட மாட்டாங்களாம், வந்து காளையப் பாத்துட்டுப் போங்கன்னு கூப்புடறாங்க. கறந்தது அந்த வீட்டு ஆத்தா தானாம், கறக்கறப்ப பேசிட்டே கறக்குமாம்.

இன்னைக்கு காத்தால எங்கம்மாவ ஒக்கார வெச்சன். கன்ன விட்டு, முன்னால கட்டி, அம்மாவும் பாட்டுக்கு பக்கத்தூட்டுக் கதையெல்லாம் மாட்டுகிட்ட சொல்லிட்டே கறந்துச்சு. ஒண்ணேகால் லிட்டரு! ஒரு ஒதை இல்ல. நான் கட்டுத்தரைக்குள்ள கால வெச்சதும் காத நிமுத்திப் பாத்துச்சு, அப்புடியே திரும்பி வந்துட்டன்.

மாமா இன்னும் சிரிச்சுட்டுத்தான் இருக்கறாரு. தை பொறந்தா ஆறு மாசம் ஆயிருது, பட்டிப்பொங்கலன்னைக்கு கன்ன மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவி படம் போடறன்.

கொறங்காட்டுக்காரன்:
மாமாவையும் சேத்து நிக்க வெச்சு எடுங் தம்பி.