மறுமொழி: வெப்பத்தோடு மருந்தும் சேர்ந்த புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தமிழ்ச்சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

> ‘வெப்பவேதிச் சிகிச்சை’ சுருக்கமாக இருக்கிறது. அதையே வைத்துக்கொள்வோமே.

சுருக்கம்தான். ஆனால் அந்த நாற்காலியில் ஏற்கெனவே ஆள் உட்கார்ந்திருக்கிறது. வேதிவினைகளில் வெளிப்படும், உறிஞ்சப்படும் வெப்பத்தைக் கணக்கிடும் துறைக்கு வெப்பவேதியியல் என்று பெயர். படிப்பவர் அங்கே போய் நிற்பார்.

> ‘புற்றெரி மருத்துவம்’ என்றால் பாமரருக்கும் உடனே புரியும்.

புரியும், தவறாக. இங்கே எதுவும் எரிவதில்லை. கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி 60 பாகைக்கு மேல் சூடேற்றித் திசுவை வேகவைப்பது வேறு சிகிச்சை. எரி, சுடு ஆகிய வேர்களை அதற்கு விட்டுவைக்க வேண்டும். நாம் பேசுவதோ 40 முதல் 43 பாகை செல்சியஸ், கடுங்காய்ச்சலின் சூடு. புற்று உயிரணு தன் டி.என்.ஏ.வைப் பழுதுபார்ப்பதை அது தடுக்கிறது. சிஸ்பிளாட்டின் போன்ற புற்றுநோய் மருந்து அந்த உயிரணுவுக்குள் கூடுதலாகச் சேர வழி செய்கிறது. மருந்துதான் கொத்தனார், சூடு சித்தாள்.

ஆகவே என் பரிந்துரை: வெதுப்பு வேதிச்சிகிச்சை.

வெதுப்புதல் என்றால் மிதமாகச் சூடாக்குதல். காய்ச்சலுக்கும் வெதுப்பு என்ற பெயர் உண்டு. பேய்மிரட்டிச் செடியின் மற்றொரு பெயரான வெதுப்படக்கியில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. ‘வெதுப்பகம் என்றால் எங்களுக்குப் பாண்தான் நினைவுக்கு வரும்’ என்று, ரொட்டிக்கடையை அப்படி அழைக்கும் இலங்கை நண்பர் சிரிக்கலாம். சிரிக்கட்டும், ‘வேதிச்சிகிச்சை’ பக்கத்திலேயே நிற்பதால் குழப்பம் வராது.

எரிப்பு, கொல்லி போன்ற வீரச்சொற்களை நான் தவிர்ப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் சூலகப் புற்றுநோயாளிகள் 245 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வில், அறுவையின் முடிவில் வயிற்றறைக்குள் சூடான சிஸ்பிளாட்டின் செலுத்தியபோது இடைநிலை வாழ்நாள் (நோயாளிகளில் பாதிப்பேர் உயிரோடிருந்த காலம்) 33.9 மாதத்திலிருந்து 45.7 மாதமாக உயர்ந்தது. பிரான்சில் பெருங்குடல் புற்று வயிற்றறையில் பரவியவர்களுக்கு அறுவையோடு ஆக்ஸாலிபிளாட்டினை அரை மணிநேரம் அதேபோலச் செலுத்திப் பார்த்தார்கள், வாழ்நாள் கூடவில்லை. பலன் நோய்க்கு நோய், மருந்துக்கு மருந்து மாறும்போது பெயரே வெற்றி முழங்கக் கூடாது.

> ஹைப்பெக் முறைக்கு ‘வயிற்றுக் கழுவல்’ போதுமா?

போதாது. ஹைப்பெக் (HIPEC) என்பது மேலே சொன்ன, வயிற்றறைக்குள் சூடான மருந்தைச் செலுத்தும் முறை. கழுவினால் உடனே வடித்துவிடுவோம். இங்கே கண்ணுக்குத் தெரியும் கட்டிகளை அறுத்தெடுத்த பிறகு, 41 முதல் 43 பாகை வரை சூடேற்றிய மருந்துக் கரைசலைப் பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம் வரை பம்பு வைத்துச் சுற்றிவரச் செய்கிறார்கள். மருந்து சில மில்லிமீட்டர் ஆழமே ஊடுருவும் என்பதால் அறுவை முந்திக்கொள்கிறது. முதலில் ‘வெதுமருந்தூறல்’ என்று எழுதி வைத்திருந்தேன். மறுநாள் செய்தித்தாளில் ‘சாராய ஊறல் அழிப்பு’ என்ற தலைப்பைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். இப்போதைக்கு ‘வயிற்றறை வெதுமருந்துச் சுழற்சி’. நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஹைப்பெக் என்ற சுருக்கத்தை மருத்துவமனைகள் விடப்போவதில்லை. முதன்முறை வருமிடத்தில் இரண்டையும் சேர்த்தே எழுதலாம். வயிற்றறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வான பெரிட்டோனியத்துக்குத் தனிச்சொல் வேண்டுமா, ‘வயிற்றறை’ போதுமா என்பதை மட்டும் உடற்கூறு கற்பித்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.