டெர்மினலில் வானிலை: சேலம் கேட்டால் 9 டிகிரி வருகிறது, உதவுங்கள்

கேள்வி:

வணக்கம். சேலம் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு சேகோ ஃபேக்டரி இருக்கிறது. வறுத்த ஜவ்வரிசியைக் காலையில் களத்தில் பரப்பினால் சாயங்காலம் வரை வெயில் வேண்டும். போன வாரம் 3 மணிக்குக் கோடை மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் இழுத்துப் போடுவதற்குள் பாதிக் களம் நனைந்து கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது. அதிலிருந்து அப்பா தினமும் காலையில் "இன்னிக்குப் பரப்பலாமா?" என்று என்னிடம் கேட்கிறார்.

என் மேக் கணினியில் கர்ல் (கட்டளை தட்டும் டெர்மினல் திரையிலிருந்தே இணையத் தளத்தைக் கேட்டு வாங்கும் நிரல்) ஏற்கெனவே இருந்தது. அதை வைத்து வானிலை சொல்லும் டபிள்யூடிடிஆர்.இன் (wttr.in) தளத்தைக் கேட்கிறேன். சாய்கோடு போட்டு ஆங்கிலத்தில் சேலம் என்று கொடுத்தால் 9 டிகிரி, தூறல் என்கிறது. இங்கே மண்டை பிளக்கிற வெயில்! இப்போதைய நிலவரம் மட்டும் போதும் என்று கடைசியில் ?0 சேர்த்தால் 'நோ மேட்சஸ் ஃபவுண்ட்' என்று நின்றுவிடுகிறது. லினக்ஸில் நண்பருக்கு இதே கட்டளை ஓடுகிறது.

பதில்:

தம்பி, அது நம்ம சேலம் இல்லை. அமெரிக்காவில் ஒரேகான் மாநிலத் தலைநகரின் பெயரும் சேலம்தான், மாசசூசெட்ஸிலும் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயருக்கு முன்னால் ~ போட்டு, சேலம்+தமிழ்+நாடு என்று ஆங்கிலத்தில் கொடுங்கள். பெயரே வேண்டாம் என்றால் 11.66,78.15 என்று அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுக்கலாம். நான் அப்படித்தான் செய்வேன், குழப்பத்துக்கே இடமில்லை. ஊரே கொடுக்காமல் விட்டால் ஐபி முகவரியை வைத்து ஊகிக்கும், அது சென்னையைக்கூடக் காட்டலாம்.

இரண்டாவது, தளத்தின் பிழையே இல்லை. 2019இல் வந்த கேட்டலினா பதிப்பிலிருந்து மேக்கின் இயல்பான ஷெல் (நாம் தட்டும் கட்டளையைப் படித்து ஓட்டும் நிரல்) இசட்ஷெல். கேள்விக்குறியைப் பார்த்ததும் 'ஏதோ ஓர் எழுத்து' என்று எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்தும் கோப்புப் பெயரைத் தேடும். கிடைக்காவிட்டால் கர்ல் கிளம்பும் முன்பே நிறுத்திவிடும். நண்பரிடம் இருப்பது பாஷ் என்ற வேறு ஷெல்லாக இருக்கும், அது கோப்பு கிடைக்காவிட்டால் முகவரியை அப்படியே அனுப்பிவிடும். முகவரி முழுவதையும் " " குறிக்குள் வையுங்கள். & போட்டு இன்னொரு விருப்பம் சேர்க்கும்போதும் இந்தக் குறி கட்டாயம் வேண்டும்.

கேட்டவர்:

வந்துவிட்டது அண்ணா, 36 டிகிரி! ஆனால் மூன்று நாள் அட்டவணை வரி உடைந்து கலைந்து தெரிகிறது. கேள்விக்குறிக்குப் பின் n என்ற ஆங்கில எழுத்தைப் போட்டால் ஒழுங்காக வருகிறது. அதையே வைத்துக்கொள்ளலாமா? மழைக்கு எதைப் பார்ப்பது?

இன்னொருவர் பதில்:

உங்கள் வேலைக்கு அது வேண்டாம். அந்தக் குறுகிய வடிவத்தில் நண்பகலும் இரவும் மட்டும்தான் இருக்கும், காலையும் மாலையும் போய்விடும். உங்களை நனைத்ததே பிற்பகல் மழை. முழு அட்டவணைக்கு 125 எழுத்து அகலம் தேவை. கமாண்ட் விசையோடு கழித்தல் குறியை இரண்டு மூன்று முறை அழுத்தி எழுத்தைச் சிறிதாக்குங்கள், சரியாகிவிடும். ஒவ்வொரு கட்டத்திலும் கடைசி வரி பாருங்கள்: 1.2 மிமீ | 70% என்பது போல இருக்கும். முதலாவது மழை அளவு, அடுத்தது வாய்ப்பு.

ஆனால் கோடை இடி மழை ஒரு ஊரில் கொட்டும், பக்கத்து ஊரில் புழுதி பறக்கும். அதனால் பரப்பலாமா என்பதற்கு இந்த அட்டவணையைப் பாருங்கள். பரப்பிய பிறகு, மதியத்துக்கு மேல் இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாகத் தரும் நவ்காஸ்டைப் பாருங்கள். அடுத்த 3 மணி நேரத்துக்கானது அது.

கேட்டவர்:

இசட்ஷெல் அமைப்புக் கோப்பில் 'களம்' என்று ஆங்கில எழுத்தில் ஓர் ஆலியாஸ் (நீளக் கட்டளைக்குக் குறும்பெயர்) போட்டுவிட்டேன். வெளியே ஒற்றை மேற்கோள், உள்ளே முகவரிக்கு இரட்டை மேற்கோள். இன்று காலையில் பார்த்தபோது, மாலைக் கட்டத்தில் மழை வாய்ப்பு 80% இருந்தது. அப்பாவிடம் காட்டினேன், பாதிக் களம் மட்டும் பரப்பச் சொல்லிவிட்டு, தார்ப்பாயைக் களத்து ஓரத்திலேயே போட்டு வைத்திருக்கிறார். இருவருக்கும் ரொம்ப நன்றி அண்ணா.