பெரியகுளத்துப் பரிசல்காரர் சொன்னது

கோயமுத்தூர் உக்கடம் பெரியகுளத்துக்கு நடக்கப் போகிறவர்கள், செல்பி எடுக்கிற பக்கத்தை விட்டுவிட்டு ஒருநாள் பரிசல் கவிழ்த்து வைத்திருக்கும் பக்கமாகப் போய்ப் பாருங்கள். நான் போனபோது பெரியவர் ஒருவர் வலையிலிருந்து ஜிலேபி மீனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதற்கு முதுகில் முள் வரிசை உண்டு, அசந்தால் கையைக் கிழித்துவிடும். அவர் தலைப்பக்கமிருந்து தடவி முள்ளை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, செவுளில் சிக்கிய வலை நரம்பைப் பெருவிரலால் தள்ளி எடுத்து, மீனைச் சட்டியில் போட்டபடியே பேசினார்.

"ரெண்டு நாளா நல்ல மழைங்களே, குளத்துக்குத் தண்ணி வந்துதுங்களா?" என்று கேட்டேன்.

"இங்க பேஞ்சா சாக்கடைதானுங்க தம்பி வரும். மேக்க பேயணுமுங்க."

அந்த ஒரு வார்த்தையில் கோயமுத்தூர்க் குளங்களின் கதையே இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையில் பெய்வது நொய்யலில் இறங்கும், சித்திரைச்சாவடி அணைக்கட்டில் திரும்பி வாய்க்காலில் ஓடும். கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி, குமாரசாமி குளம், செல்வசிந்தாமணி என்று ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போய், பெரியகுளம் நிரம்பினால் வாலாங்குளம். நெல்லும் கரும்பும் விளைவிக்க நம் முன்னோர் வெட்டிய சங்கிலி இது, சோழர் காலத்தது என்பார்கள். இன்று சுற்றிலும் வயல் இல்லை, ஆனால் ஊர்க் கிணறுகளிலும் போர்வெல்களிலும் தண்ணீர் நிற்பதற்கு இந்தக் குளங்கள்தான் ஆதாரம்.

2013இல் 300 ஏக்கருக்கு மேல் விரிந்த பெரியகுளம் வறண்டு கிடந்தபோது ஊர் ஜனங்களே வந்து மண் அள்ளினார்கள், அந்தக் கைகளை எப்போதும் மதிக்கிறேன். பிறகு ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் நடைபாதையும் விளக்கும் வந்தன. குறிச்சி குளக்கரையில் தமிழ் எழுத்துகளாலேயே செய்த வள்ளுவர் சிலை நிற்கிறது. சாயங்காலம் குழந்தைகளோடு குடும்பங்கள் வந்து உட்காருவதைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் கரைக்குச் செலவழித்த அளவு அக்கறை வாய்க்காலுக்கும் வேண்டும். சாக்கடை கலந்தால் ஆகாயத்தாமரை மூடிக்கொள்ளும், அப்புறம் பரிசலையே நகர்த்த முடியாது, கூழைக்கடாப் பறவைகள் வந்து இறங்கவும் இடமிருக்காது. சிங்காநல்லூர் குளத்தை 2017இல் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக மாநகராட்சி அறிவித்தது. நல்ல காரியம், ஆனால் அதற்கும் மேற்கிலிருந்துதானே தண்ணீர் வர வேண்டும்?

பேரூர், செல்வபுரம் பக்கம் குடியிருப்பவர்கள், ஆடி மழை பிடித்ததும் உங்கள் பக்கத்து வாய்க்காலில் தண்ணீர் எந்த நிறத்தில் வருகிறது, எங்கே அடைத்து நிற்கிறது என்று எழுதுங்கள்.