ஊட்டிக் குளிரில் கைக்குழந்தையின் இரவுத் தூக்கம்

கேள்வி (ஊட்டி): ஜனவரி உறைபனியில் எங்கள் இரண்டு மாதக் குழந்தையின் கைகள் இரவெல்லாம் சில்லிட்டிருப்பதால், அறைக்குள் கரி அடுப்பு வைக்கச் சொல்கிறார் என் மாமியார், வைக்கலாமா?

மறுமொழி (குன்னூர்): தயவுசெய்து வேண்டாம் சகோதரி. மூடிய அறையில் எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் மணமும் இல்லை. உறங்குபவர்களை விழிக்கவிடாமலே அது கொன்றுவிடும்.

மறுமொழி (கோத்தகிரி): கைகள் சில்லிடுவது இவ்வயதில் இயல்புதான், பிடரியையோ மார்பையோ தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வியர்த்திருந்தால் ஓர் உடுப்பைக் கழற்றிவிடுங்கள். பருத்திச் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர், காலுறை என நீங்கள் அணிவதைவிட ஓர் அடுக்கு கூடுதலாக உடுத்தி, மல்லாக்கப் படுக்க வையுங்கள். தளர்வான கம்பளி முகத்தை மூடி மூச்சை அடைக்கக்கூடும் என்பதால், ஒரு வயதுவரை அது வேண்டாம்.

மறுமொழி (குன்னூர்): அக்குள் வெப்பநிலை 36.5 டிகிரி செல்சியஸுக்குக் குறைந்தால், விழித்திருந்தபடியே வெறும் மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.