புலிமுகச் சிலந்தி கடித்தால் விஷம் மூளைக்கு ஏறுமா?

மாங்குளத்தான்:
எங்கள் வளவில் பாலை மரப் பொந்துக்குள் புலிமுகச் சிலந்தி, அந்தப் பெரிய மயிர்ச் சிலந்தி, இருக்கிறது. போன கிழமை நாய் அதைப் போய் முகர்ந்ததை மகன் கண்டான், கடித்ததா தெரியாது. நேற்றிலிருந்து நாய் கட்டிலுக்குக் கீழே ஒளிந்துகொண்டு சோறு வைக்கப் போனாலும் உறுமுகிறது. விஷம் மூளைக்கு ஏறிவிட்டது, கைமருந்து கட்டினால் இறங்கும் என்று அயலில் சொல்கிறார்கள். உண்மையா?

பூநகரி ரீச்சர்:
அவ்வளவு லேசில் ஏறாது. இரத்தத்துக்கும் மூளைக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, விஷத்தில் உள்ள பெரிய புரதங்களை அது உள்ளே விடாது. கறுப்பு விதவைச் சிலந்தியின் லாட்ரோடொக்சின் என்ற விஷப்புரதம் நரம்பு முனைகளில் சேர்ந்திருக்கும் இரசாயனங்களை ஒரேயடியாகக் கொட்ட வைக்கிறது, அதனால்தான் தசை இறுகி, வியர்த்து, இரத்த அழுத்தம் ஏறி, கடிபட்டவர் ஓரிடத்தில் இருக்க முடியாமல் அந்தரப்படுகிறார். பார்க்கிறவர்களுக்கு மூளை குழம்பியது போலத் தெரியும், ஆனால் எல்லாம் மூளைக்கு வெளியே உள்ள நரம்புகளில் நடக்கிறது. அப்புறம் வலி. மேற்கிந்தியத் தீவுகளின் சிலந்தி ஒன்றின் விஷம், மிளகாய்க் காரத்தை உணர்கிற அதே நரம்பு உணர்வாங்கியைத் தூண்டுகிறது என்று 2006இல் கண்டுபிடித்தார்கள். அப்படி எரிந்தால் எந்த மிருகமும் கடிக்கத்தான் வரும்.

மிருகவைத்திய மாணவன்:
ரீச்சர் சொன்னது சரி. ஒரே விஷம் ஆளுக்கு ஒரு மாதிரி, நாய்க்கு ஒரு மாதிரி வேலை செய்யும் என்பதையும் பாருங்கள். சிட்னி புனல்வலைச் சிலந்தி மனிதரைக் கொல்லும், நாயும் பூனையும் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆஸ்திரேலியாவிலேயே புலிமுகச் சிலந்தியின் குடும்பத்தைச் சேர்ந்தவை கடித்தால் மனிதருக்கு வலியோடு போகிறது, நாய்களோ இரண்டு மணித்தியாலத்துக்குள் செத்திருக்கின்றன.

அண்ணை, போன கிழமைக் கடிக்கு நேற்றுக் குணம் மாறியது எனக்குப் பொருந்தவில்லை. ஒளிவதும் உறுமுவதும் என்றால் முதலில் விசர் நாய் நோயைத்தான் (ரேபிஸ்) நினைக்க வேண்டும். அந்த வைரஸ் நரம்பு வழியே ஊர்ந்து உண்மையிலேயே மூளைக்குள் போகிறது. தயவுசெய்து மருந்து கட்டவென்று கிட்டப் போக வேண்டாம், ஒருவரும் தொடாதபடி அடைத்து வைத்து மிருக வைத்தியருக்குச் சொல்லுங்கள். யாருக்காவது கடி, கீறல், காயத்தில் எச்சில் பட்டிருந்தால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு இன்றைக்கே ஆசுபத்திரி. நோய்க்குறி வந்த பிறகு மருந்தில்லை.

வன்னிக்காடு:
சிலந்தியைக் கொன்றுவிடாதீர்கள். 2012இல் உலகுக்குப் புதிய இனமாக அறிவித்த புலிமுகச் சிலந்தி உங்கள் மாங்குளத்தில் கண்டெடுத்ததுதான். சிலந்தி விஷம் மூளையைக் காப்பாற்றியும் இருக்கிறது: ஆஸ்திரேலியச் சிலந்தி ஒன்றின் விஷத்தில் எடுத்த புரதம், பக்கவாதம் வந்த எலிகளின் மூளைச் சேதத்தை எட்டு மணித்தியாலம் கழித்துக் கொடுத்தும் குறைத்ததாக 2017இல் வெளியிட்டார்கள்.

மாங்குளத்தான்:
நாயை அறையில் விட்டுப் பூட்டியாயிற்று. மகனின் புறங்கையில் நேற்றுப் பட்ட கீறல் இருக்கிறது, கழுவிக்கொண்டிருக்கிறோம், உடனே ஆசுபத்திரிக்கு வெளிக்கிடுகிறோம்.